விரிசல் விழாத படங்கள்

பேராசிரியர் ராஜரத்தினம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நின்றன. துறையின் வாட்ஸாப் குழுவில் கோட்டும் டையும் அணிந்த அவருடைய படம் வந்து விழுந்தது. அதன் கீழே கைகூப்பிய சின்னங்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று ஒருவர் போட்டார். அடுத்தவர் அதையே எடுத்துப் போட்டார். அதற்கடுத்தவர் அதில் ஒரு எழுத்துப் பிழையையும் சேர்த்துப் போட்டார். நான் எதுவும் போடவில்லை. என் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைப் பெரியவர், “யாரும்மா, சொந்தமா?” என்று கேட்டார்.

“கூட வேலை செஞ்சவருங்க.”

“நல்ல மனுசனா?”

“நல்லா பேசுவார்” என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறையின் இப்போதைய தலைவர் நினைவு மலர் ஒன்று கொண்டுவருவதாகவும், அதற்கு நான் எழுத வேண்டும் என்றும் கேட்டார். “நீங்கதான் மேடம் தமிழ்ல நல்லா எழுதுவீங்க. சாரோட பக்கத்து ரூம்ல ரொம்ப வருஷம் இருந்திருக்கீங்க” என்றார். எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன் என்று சொன்னேன். “எழுதுங்க மேடம், யாரு படிக்கப் போறாங்க” என்றார். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் படிக்க நேர்ந்தால், எங்காவது நான் பொய் சொல்லியிருக்கிறேனா என்று மட்டும் பாருங்கள்.

அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியில் ராஜரத்தினம் சார் இயந்திரவியல் துறைத் தலைவராக இருந்தார். நானும் அதே துறை. எங்கள் இருவருடைய ஆராய்ச்சியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருளின் துகள்களைக் கலந்து உறுதியாக்குவார்கள். அலுமினியத்தில் பீங்கான் துகள், ரப்பரில் சுண்ணாம்புத் தூள், இப்படிப் பல. அப்படிக் கலந்த பொருளை வளைத்தால், இழுத்தால், எங்கே நெளியும், எங்கே கிழியும் என்பதை உடைத்துப் பார்க்காமலேயே கணினியில் கண்டறிய முயல்வது எங்கள் வேலை. பொருளைத் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இழுபடுகிறது என்று கணினி கணக்குப் போடும். கடைசியில் வண்ணப் படம் ஒன்று வரும். நீலம் என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் அங்கே ஆபத்து.

இதில் எல்லாமே நாம் கணினிக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. துகள் எந்த வடிவம், எப்படிப் பரவியிருக்கிறது, சுற்றியிருக்கும் பொருளோடு எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது, எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதை அது நம்பும். கேள்வி கேட்காது. இந்தக் குணத்துக்காகத்தான் ராஜரத்தினம் சார் கணினியை நேசித்தார் என்று நான் நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவருடைய அறைக்குப் போனேன். ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைத் தயார் செய்துகொண்டிருந்தார். திரையில் இருந்த படத்தின் நடுவே, துகளின் இரண்டு முனைகளிலும், சிவப்பு நன்றாகவே தெரிந்தது. அவர் பக்கத்திலிருந்த வண்ண அளவுகோலின் உச்ச எண்ணை மாற்றி இரண்டு மடங்காக்கினார். சிவப்பு இருந்த இடம் பச்சையானது. கணக்கு அப்படியே இருந்தது, நிறம் மட்டும் மாறியது. “கலர மாத்திட்டா ரிஸ்க் மாறிடுமா சார்?” என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய சிரிப்பு உங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டவரையும் கூட்டாளியாக்கிக்கொள்ளும் சிரிப்பு. “பாக்கறவனுக்கு மாறிடும் மேடம்” என்றார்.

அவரே பலரிடம் சொல்லிச் சிரித்த இதை, அவருடைய நகைச்சுவை உணர்வுக்கு எடுத்துக்காட்டாக இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் அன்று சிரிக்கவில்லை, இன்றும் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவர் ஒரு தத்துவமாகவே வைத்திருந்தார். அதன்படியே வாழ்ந்தார், பதவி உயர்ந்தார், கேடயங்கள் வாங்கினார்.

அவருடைய கணினி மாதிரியில் துகள்கள் எப்போதும் உருண்டையாக இருக்கும். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், பள்ளிக்கூட இறைவணக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைப் போல நிற்கும். நிஜத்தில் எந்தத் துகளும் அப்படி நிற்பதில்லை. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், சாரிடம் ஆய்வு செய்த மாணவரின் வாய்மொழித் தேர்வில், “உங்கள் மாதிரியில் துகள் ரப்பரோடு எப்படி ஒட்டியிருக்கிறது?” என்று கேட்டார். அந்தத் துறையில் அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. மாணவர் விழித்தார். ராஜரத்தினம் சார் முந்திக்கொண்டு, “நன்றாக ஒட்டியிருக்கிறது” என்றார். அரங்கமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்துவிட்டார். கேள்வி அத்தோடு செத்தது. வெளியே முந்திரி பிஸ்கட்டோடு காபி ஆறிக்கொண்டிருந்தது.

அவர் நல்லவர் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஒருவரையும் தெரியாமல் நான் வாசலில் நின்றபோது, அவர்தான் வந்தார். யாரிடமோ பேசினார், வரிசையில் நின்றார், சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனார். அம்மா சாகும்வரை அவரை விசாரிப்பாள். துறையில் பலருக்கு இப்படி ஒரு கதை இருக்கும். அதற்கான நன்றி என்னிடம் இருக்கிறது. மதிப்பு இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள்தான் இரங்கல் கூட்டத்தில் நிறையப் பேர் பேசினார்கள்.

மதிப்பு போன கதை ஷபானாவிலிருந்து தொடங்குகிறது. ஷபானா ஆம்பூர்ப் பெண். அப்பா ஒரு காலணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீட்டில் உருது, தெருவில் தமிழ், எங்களிடம் இரண்டும் கலந்து. ராஜரத்தினம் சாரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அந்த நேரத்தில் ஆம்பூரில் வேறொரு காலணித் தொழிற்சாலை, பெயர் வேண்டாம், கல்லூரியை நாடி வந்தது. அவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் அணியும் பாதுகாப்புக் காலணிகள் செய்பவர்கள். சோலுக்கான ரப்பரில் சுண்ணாம்புத் தூளை அதிகமாகக் கலந்தால் செலவு குறையும். ஆனால் சோல் வளையும்போது வெடிக்குமா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைக் கணினியில் பார்த்துச் சொல்லும் வேலையைச் சார் எடுத்துக்கொண்டு ஷபானாவிடம் கொடுத்தார்.

அவள் தொழிற்சாலைக்கே போனாள். ரப்பரையும் தூளையும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிசைந்து கலக்கும் இயந்திரத்தை அங்கே மில் என்பார்கள். அதில் வேலை செய்த கோவிந்தன் என்பவர் சோதனைக்காகக் கலந்த ரப்பர்த் தகடுகளை அவளிடம் கொடுத்தார். அந்த முதல் சோதனையின்போது ராஜரத்தினம் சாரும் போயிருந்தார். கலவையைத் தொட்டுப் பார்த்து, “பிரமாதம் கோவிந்தா, அல்வா மாதிரி கலந்திருக்க” என்று தோளில் தட்டினாராம். ஷபானா தகட்டை வெட்டி, மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்து, அந்தப் படத்தில் தெரிந்த துகள்களின் ஓரங்களை ஒவ்வொன்றாக வரைந்து, அதையே கணினிக்குள் ஏற்றினாள். துகள்கள் உருண்டையாக இல்லை. கோணல்மாணலாக இருந்தன. சில இடங்களில் ஐந்தாறு சேர்ந்து கட்டிக்கொண்டு கிடந்தன. ரப்பரோடு அவை அவ்வளவாக ஒட்டவும் இல்லை. கலந்தவர் குறை அல்ல அது. மேற்பூச்சு இல்லாத அந்த மலிவுத் தூளின் இயல்பு. அவளுடைய மாதிரியில் சோலை வளைத்தபோது ரப்பர் துகளை விட்டுப் பிரிந்து சின்ன ஓட்டைகள் விழுந்தன. துகள்கள் கட்டிக் கிடந்த இடங்களில் அந்த ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகி ஓடின.

அவள் அதைச் சாரிடம் காட்டியபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

“இன்னாமா இது, கந்தரகோலமா இருக்கு?” என்றார். “எந்தக் கம்பெனிக்காரன் இத பாப்பான்? துகள்னா உருண்டையா, அழகா இருக்கணும்.”

“போட்டோல உருண்டையா இல்ல சார்.”

“போட்டோவ யாரு கேட்டா? அவங்க கேட்டது மாடல்.”

“ஒட்டலன்னா அங்கதான சார் கிழியும்? அத எடுத்துட்டா நாம இன்னாத்த சொல்றோம்?”

“கிழியாதுன்னு சொல்றோம்” என்றார், குரலை உயர்த்தாமல். பிறகு என் பக்கம் திரும்பி, “இந்தக் காலத்துப் பசங்களுக்கு டவுட் ஜாஸ்தி மேடம்” என்றார். நான் அவள் சொல்வதுதான் சரி என்றேன். அவர் அதையும் சிரித்துக்கொண்டே கேட்டார். மறுநாள் ஷபானாவுக்கு அந்தத் திட்டத்தில் வேலை இல்லை. உருண்டைத் துகள்கள், நன்றாக ஒட்டிய ரப்பர், பச்சையும் நீலமுமாக ஒரு படம், இவற்றோடு அறிக்கை போனது. சோல் வெடிக்காது என்று அதில் இருந்தது. தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. கல்லூரி நாளில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சோல் வெடித்தது. முன்பாதம் வளையும் இடத்தில், குறுக்காக. வாங்கிய ஆலைகளிலிருந்து காலணிகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. ஒரு ரசாயனக் கிடங்கில், விரிசல் வழியாக உள்ளே போன அமிலம் ஒருவருடைய பாதத்தை வேகவைத்துவிட்டது. அவர் அதன்பிறகு சரியாக நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தொழிற்சாலை காரணம் கேட்டது. யாரிடம் கேட்டது என்றால், ராஜரத்தினம் சாரிடமே கேட்டது. அவருக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. மாதிரி சரியாகத்தான் இருக்கிறது, கலவை சீராக இல்லை, மில்லில் நின்றவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக் கொடுத்தார். கோவிந்தனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அந்த அறிக்கைக்குப் படங்களை அடுக்கிக் கொடுக்கும் வேலைக்கு மட்டும் ஷபானாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. “மேடம், அவரே அல்வா மாதிரி கலந்திருக்கன்னு சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். அந்தத் தகடு இன்னும் என்கிட்ட இருக்கு” என்றாள்.

அந்தத் தகட்டை எங்கள் ஆய்வகத்தில் வளைக்கும் இயந்திரத்தில் மாட்டினோம். சார் தொட்டுப் பார்த்துப் பாராட்டிய அதே தகடு. அதுவும் வெடித்தது. விரிசல் ஷபானாவின் மாதிரியில் ஓடியதைப் போலவே துகள் கட்டிகளைத் தேடித் தேடி ஓடியிருந்தது. கலவை பிரமாதம் என்றாலும் வெடிக்கும், ஏனென்றால் தூள் ஒட்டவில்லை. இதைவிடத் தெளிவாக ஒன்றைச் சொல்ல முடியாது. தகட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கல்லூரி முதல்வரிடம் போனோம்.

முதல்வர் ராஜரத்தினம் சாரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். “இப்ப இத எதுக்கு மேடம் கெளர்றீங்க? கம்பெனிக்காரங்களே பிரச்சனைய முடிச்சிட்டாங்க” என்றார். “முடிச்சது ஒருத்தர் வேலைய சார்” என்றேன். ராஜரத்தினம் சார் தகட்டைக் கையில் வாங்கி, விரிசலை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. “ஷபானா சூப்பரா பண்ணியிருக்கா. இத ஒரு பேப்பரா போட்டுடலாம்” என்றார்.

போட்டார். அவருடைய பெயர் முதலில், ஷபானாவின் பெயர் கடைசியில், நடுவில் முதல்வரின் பெயர். துகளும் ரப்பரும் ஒட்டாமல் போவதே விரிசலுக்குக் காரணம் என்று, அவர் எடுத்தெறியச் சொன்ன அதே படங்களைத் திரையில் காட்டி, ஒரு கருத்தரங்கில் பேசினார். அதற்கு ஒரு கேடயம் வந்தது. ஆக, கருத்தரங்கில் ஒரு ராஜரத்தினம், ஆம்பூரில் வேறொரு ராஜரத்தினம். காலணித் தொழிற்சாலைக்காரர்கள் கருத்தரங்குக் கட்டுரைகளைப் படிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். நானும் ஷபானாவும் அந்தத் தகட்டோடு தொழிற்சாலைக்கும் போனோம். மேலாளர் தண்ணீர் கொடுத்து உபசரித்தார். “டாக்டர் சார் எழுதிக் குடுத்ததுதான் மேடம் எங்களுக்குக் கணக்கு” என்றார். கோவிந்தனைத் தேடி அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. பெங்களூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஷபானாவின் ஆய்வேட்டுக்கு அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். கோபப்பட்டோ மிரட்டியோ அல்ல. “பாத்துட்டு இருக்கேம்மா” என்று சொல்லிச் சொல்லி. கடைசியில் நான் பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடந்து அவளை என் மாணவியாக மாற்றிக்கொண்டேன். அவள் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட முடியாத நிலை வந்தபோதுதான் பட்டம் கைக்கு வந்தது. இப்போது சென்னைப் பக்கம் ஒரு டயர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். இரங்கல் கூட்டத்துக்கு வருகிறாயா என்று தொலைபேசியில் கேட்டேன். “வரல மேடம். அவங்க பேசறத கேட்டா எனக்கு சிரிப்பு வந்துடும். நல்லா இருக்காது” என்றாள்.

சார் படுக்கையில் விழுந்தபின் நான் ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். பழைய நன்றிக்காக ஒரு பாதி, மீதிப் பாதி வேறொரு எண்ணத்தில். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு.

“இன்னா மேடம், வரமாட்டீங்கன்னு நெனச்சேன். இன்னும் கோவமா?”

அவருடைய மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, மருந்து வாங்க வெளியே போனார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“சார், கோவிந்தன் மேல தப்பு இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா, கம்பெனியில ஏத்துப்பாங்க. திரும்ப வேலை கெடைக்கலனாலும், பேராவது சரியாகும்.”

“எந்தக் கோவிந்தன்?” என்றார்.

நான் விளக்கிச் சொன்னேன். மில், சோல், அறிக்கை, எல்லாவற்றையும். யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். “மேடம், நான் பொய் சொல்லல. மாடல் சொன்னத சொன்னேன்” என்றார்.

“மாடலுக்குச் சொன்னது யாரு சார்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ரொம்ப பேஜாரா இருக்கு மேடம். அப்புறம் பேசலாம்” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். நோயாளியிடம் இப்படிப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். வேறு எப்போது பேசியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தக் கோவிந்தன் என்று அவர் கேட்டதை, நோயாலும் மருந்தாலும் வந்த மறதி என்றே அன்று எடுத்துக்கொண்டேன். இரங்கல் கூட்டம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கல்லூரி அரங்கில் நடந்தது. மேடையில் பெரிய படம், ரோஜா மாலை. அதன் கீழே நாற்காலியில் அவருடைய மனைவி. பேசியவர்கள் எல்லோரும் மேதை என்றார்கள். ஒருவர் அவர் கணினிக்கு உயிர் கொடுத்தார் என்றார். இன்னொருவர், ஆம்பூர் தோல் தொழிலுக்கே அவர் ஒரு தூண் என்றார். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர்கள் யாரும் அவருடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். படித்திருந்தால் அவ்வளவு நிம்மதியாகப் பேசியிருக்க முடியாது.

கடைசி வரிசையில் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்ததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கோவிந்தன். கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போனபோது அவர் பக்கத்தில் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். எழுந்து நின்றார். கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் சொல்லித்தான் செய்தி தெரிந்ததாம்.

“நல்ல மனுசன் மேடம்” என்றார். “எனக்காக எவ்ளோ பேசினாரு தெரியுமா. என்ன வேலைய உட்டு எடுத்தப்போ நேரா சார் வீட்டுக்குத்தான் போனேன். கைய புடிச்சிகிட்டு, ‘உம்மேல தப்பு இல்ல கோவிந்தா, நான் எழுதியே குடுத்துட்டேன், அவங்க கேக்கல’ன்னாரு. கண்ணுல தண்ணி வெச்சிகிட்டாரு மேடம். பெத்த அப்பன்கூட எனக்காக அழுதது கெடையாது.”

அவர் பையைத் திறந்து காட்டினார். சீத்தாப்பழம்.

“எனக்கு சொந்த ஊர் ஆலங்காயம். சீசன்ல மலைப்பக்கம் போயி நானே பாத்து பாத்துப் பறிச்சினு வருவேன். வருஷா வருஷம் சாருக்கு ஒரு பை. பெங்களூர்ல இருந்தப்பகூட லீவு போட்டு வந்து குடுத்துட்டுப் போவேன். போன வருஷமும் குடுத்தேன். இது அந்த அம்மாவுக்கு.”

அந்தப் பழங்களை எனக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ராஜரத்தினம் சார் துறையில் எல்லோருக்கும் பங்கு வைப்பார். “நமக்கு வேண்டியவர் ஒருத்தர் மலையில இருந்து கொண்டாந்தாரு” என்பார். நானும் வாங்கித் தின்றிருக்கிறேன். கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் காகிதத்தில் மடித்திருக்கிறேன். நல்ல இனிப்பு.

அந்த இடத்தில்தான் அவர் மேல் எனக்கிருந்த கடைசி மரியாதையும் போனது. பொய் அறிக்கை எழுதியது பயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். ஷபானாவின் வேலையைத் தன் பெயரில் போட்டதை ஆசை எனலாம். யாரை அழித்தாரோ அவர் கையாலேயே ஆண்டுதோறும் பழம் வாங்கித் தின்றுவிட்டு, ‘எந்தக் கோவிந்தன்’ என்று கேட்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் வைக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. அற்பம், அவ்வளவுதான்.

சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு சொன்னேன். அந்த அறிக்கையை நான் படித்திருக்கிறேன் என்றும், மில்லில் நின்றவரின் கவனக்குறைவு என்று எழுதியது ராஜரத்தினம் சார்தான் என்றும், கோவிந்தன் கலந்த தகட்டை நாங்கள் சோதித்ததில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்ததையும், தேடி வந்தபோது வீடு பூட்டியிருந்ததையும் சொன்னேன். கேட்கக் கேட்கக் கோவிந்தனின் பார்வை மேடையிலிருந்த படத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

“அப்ப அந்தக் கண்ணுல தண்ணி?” என்றார் கடைசியில்.

“தெரியலைங்க” என்றேன்.

“அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியாதுன்னு நெனக்கிறேன்.”

“தெரிய வேணாம்” என்றார். பையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். அந்த அம்மாளிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் பையை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எல்லோரும் படத்துக்குப் பூ எடுத்துத் தூவிய தட்டு கீழேயேதான் இருந்தது. கோவிந்தன் அதைத் தொடவில்லை. திரும்பி வரும்போது வெறும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “வர்றேன் மேடம். அடுத்த வருஷம் மலைக்குப் போற வேல மிச்சம்” என்றார். கல்லூரி வாசல்வரை அவரோடு நடந்து, பேருந்து ஏற்றிவிட்டு வந்தேன். அவர் மேல் குற்றமில்லை என்று நாங்கள் கண்டறிந்ததை எழுதி, நானும் ஷபானாவும் கையெழுத்திட்டு, தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கிறோம். அதன் பிரதி அவரிடமும் இருக்கிறது. அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. இந்த மலரிலும் அது பதிவாகட்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன்.

இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில், மறைந்தவரிடமிருந்து நாம் என்ன எடுத்துக்கொண்டோம் என்று சொல்வது வழக்கம். எனக்கும் ஒன்று இருக்கிறது.

கூட்டம் நடந்த அடுத்த வாரம், அலுமினியத்தில் பீங்கான் துகள் கலந்த ஒரு பாகத்துக்கான மாதிரியை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். துகள் பிரியத் தொடங்கும் இடம் வந்ததும் கணக்கு பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி நின்றது. மத்தியானம் வரை அப்படியே. எரிச்சலில், வேறெங்காவது பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, துகள்கள் முழுதாக ஒட்டியிருப்பதாக மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, ஒரு குறையும் இல்லாத படம். துறைத் தலைவர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார். “சூப்பரா வந்திருக்கே மேடம், இதையே ரிப்போர்ட்ல போட்டுடலாமே. வெள்ளிக்கிழமை குடுக்கணும்ல” என்றார்.

நான் உடனே மறுக்கவில்லை. அந்தப் படத்தைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. ராஜரத்தினம் சாரும் முதலில் பெரிய பொய்யோடு தொடங்கியிருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய ஒன்று, பாதியில் நிற்கும் ஒரு கணக்கு, நல்ல எண்ணத்தோடு பின்னால் நிற்கும் ஒருவர், ஒரு மத்தியானம். இது புரிந்தபோது அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அதே இகழ்ச்சிதான் வந்தது. கொஞ்சம் என் பக்கமும் திரும்பியிருந்தது, அவ்வளவே. இதுவரை அவரை என்னிலிருந்து வெகுதூரத்தில் நிற்கும் ஓர் ஆளாக நினைத்திருந்தேன். அந்தத் தூரம் ஒரு நாற்காலி அளவுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் புரிதலைத்தான். வெறும் நன்றியைவிட இது எனக்கு அதிகம் பயன்படும். துறைத் தலைவரிடம் வெள்ளிக்கிழமை முடியாது என்று சொன்னேன். படத்தை அழித்தேன். துகளின் பிடிப்பை அது நிஜத்தில் இருக்கும் அளவுக்குத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டினேன். பழைய இடத்திலேயே நின்றது. ஏன் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.